துணி துவைப்பதில் நம் பழக்கங்கள் தேவையால் வந்தவையா, விளம்பரத்தால் வந்தவையா?

இரண்டாலும்தான். ஆனால் கேள்வியில் ஒன்று விடுபட்டிருக்கிறது: அக்கம்பக்கத்தாரின் கண். மூன்றில் அதற்குத்தான் பலம் அதிகம் என்பது என் கருத்து. அந்தக் கண்ணுக்குப் பயப்படச் சொல்லித்தான் விளம்பரமே பிழைக்கிறது.

தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பு. அதில் பார் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். சலவைத் தூள் அந்தத் தண்ணீரிலும் அழுக்கை எடுக்கும். 1959இல் இந்தியாவுக்கு வந்த சர்ஃப் வசதியான வீடுகளுக்குத்தான் கட்டுபடியானது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தயாரித்து, சைக்கிளில் வீடு வீடாகப் போய், அதைவிடப் பல மடங்கு குறைந்த விலைக்கு விற்றார். கை ஓய அடித்துத் துவைத்த பெண்களுக்கு அது உண்மையான உதவி.

வெண்மையின் கதை வேறு. வெளுப்பது ஒரு காலத்தில் வண்ணாரின் உழைப்பு. உவர்மண்ணில் துணியை ஊறவைத்து, ஆவியில் அவிக்கும் வெள்ளாவி வைத்து, துறையில் கல்லில் அடித்து வெளுத்துக் கொடுத்தவர்களை ஊர் வாசலோடு நிறுத்தியது. கூலியாகக் கிடைத்தது பல இடங்களில் ஊர்ச்சோறு. வெள்ளை வேட்டியின் கௌரவம் கட்டியவருக்குப் போனது, இழிவு வெளுத்தவருக்குப் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தூள் வந்தபின் அந்த வேலை வீட்டுப் பெண்ணிடம் வந்து சேர்ந்தது, பழியும் கூடவே வந்தது. நிர்மாவின் மலிவு விலையை எதிர்கொள்ள 1980களில் சர்ஃப் லலிதாஜி என்ற இல்லத்தரசியைத் தொலைக்காட்சியில் நிறுத்தியது. பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்பவர், ஆனால் தூளில் மட்டும் விலை கூடியதை வாங்குவார். அதுதான் புத்திசாலித்தனம் என்பார். துணிக்கும் ஒரு பெண்ணின் சாமர்த்தியத்துக்கும் முடிச்சுப் போட்டது அது. கணவன் சட்டைக் காலரில் கறை இருந்தால் குற்றம் மனைவியுடையது என்று பிறகு வந்த எத்தனையோ விளம்பரங்கள் காட்டின.

அந்த வெண்மையிலும் ஒரு பகுதி கண்ணுக்கு மட்டுமானது. பல தூள்களில் சேர்க்கப்படும் ஒளிர்ப்பான் அழுக்கை நீக்குவதில்லை. துணியில் படிந்து, புற ஊதாக் கதிரை உள்வாங்கி, நீல ஒளியாக வெளிவிடுகிறது. மஞ்சள் நிறம் அடங்கிவிடுகிறது. சொட்டு நீலமும் நிறத்தைச் சரிக்கட்டும் வேலைதான். பழைய நீலப் பொடி திட்டுத்திட்டாகப் படியும். 1983இல் திருச்சூரில் எம்.பி. ராமச்சந்திரன் தொடங்கிய நிறுவனத்தின் உஜாலா போன்ற திரவ நீலம் சீராகக் கலந்ததால் வீடுதோறும் நுழைந்தது. நுரையும் அப்படிக் கண்ணுக்கு மட்டுமானதுதான்: நுரை அதிகமானால் அலசும் தண்ணீர்தான் அதிகமாகும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் கண்டிஷனரோ துண்டு ஈரத்தை உறிஞ்சும் தன்மையைக் குறைக்கிறது.

எந்த நிறுவனமும் கற்றுக்கொடுக்காத பழக்கம் ஒன்று உண்டு. பெண்களின் உள்ளாடையைச் சேலைக்கோ துண்டுக்கோ அடியில் ஒளித்துக் காயப்போடுவது. வெயிலும் காற்றும் அதிகம் தேவைப்படும் துணிக்கு இரண்டும் கிடைப்பதில்லை. ஈரம் போகாமலேயே உடுத்த வேண்டியிருக்கிறது. தோல் அரிப்புக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் இது வழிவிடுகிறது. மாடியில் ஆண்களின் பனியனும் ஜட்டியும் கொடி நிறையத் தொங்கும்போது இதற்கு மட்டும் என்ன மறைப்பு? என் மகளின் துணியை நான் வெயிலில்தான் போடுகிறேன். என் மாமியார் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது அவர்களே எடுத்து மடித்து வைக்கிறார்கள்.

துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று 2015இல் ஏரியல் விளம்பரம் கேட்டது. நல்ல கேள்வி, வரவேற்கிறேன். ஆனால் சட்டை அத்தனை வெள்ளையாக இருந்தே ஆக வேண்டுமா என்று தூள் விற்பவர் கேட்கமாட்டார். பள்ளிகளை நாம்தான் கேட்க வேண்டும். மண்ணில் விளையாடும் வயதில் வாரம் ஒருநாள் வெள்ளைச் சீருடை, வெள்ளை ஷூ எதற்கு? பழுப்போ நீலமோ போதாதா? என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். வேறு சில அம்மாக்களும் எழுந்து ஆதரித்தார்கள். நிர்வாகத்திடம் பேசிச் சொல்வதாகத் தலைமையாசிரியை குறித்துக்கொண்டிருக்கிறார்.