மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டது. மார்பு மிகப் பெரிதாக இருப்பதால் கழுத்தும் மேல்முதுகும் ஓயாமல் வலிக்கின்றன. பிரா பட்டி பதிந்து தோளில் குழி விழுந்துவிட்டது. மழைக்காலத்தில் மார்புக்கு அடியில் புண்ணாகிறது. தோர்த்துத் துண்டைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டுதான் தைக்க உட்காருகிறேன். எலும்பு டாக்டர் கொடுத்த காலரும் பிசியோதெரபியும் கொஞ்ச நாள் கேட்டன, அப்புறம் பழையபடிதான். திருவனந்தபுரத்தில் காட்டியபோது அறுவை செய்து குறைக்கலாம் என்றார்கள். கல்ஃபில் இருக்கும் கணவர் "உனக்குச் சரி என்றால் செய்" என்கிறார். மாமி, "கத்தி பட்டால் புற்றாகிவிடும், ஆண்டவன் தந்ததை வைத்துக்கொண்டு இரு" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: கழுத்து வலி, தோள் குழி, மார்பு மடிப்பில் புண் மூன்றும் ஒரே ஆளுக்கு இருந்தால், அது பெரிய மார்பகத்தின் பாரத்தால் வருகிற தொந்தரவு என்று ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். அழகுக்காகக் கேட்கிறீர்களோ என்று யாராவது முகம் சுளித்தால் பொருட்படுத்த வேண்டாம். அதே சமயம், இது அவசர அறுவை அல்ல. ஆறு மாதம் தள்ளிப்போனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. அதனால் நிதானமாக இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உங்கள் கஷ்டத்தில் எவ்வளவு பாரத்தால் வருகிறது? அது குறைவதற்காக, அழியாத தழும்பையும் உணர்ச்சியில் வரக்கூடிய மாற்றத்தையும் ஏற்க உங்களுக்கு மனமிருக்கிறதா?

முதல் கேள்விக்கு விடை தேட உங்கள் இஞ்ச் டேப்பே உதவும். நம் ஊர்க் கடைகளில் பிரா கேட்டால் எண்ணை மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள். 36 இறுக்கினால் 38, அதுவும் போதாவிட்டால் 42 என்று ஏறிக்கொண்டே போவோம். ஆனால் பெரிதாக வேண்டியது கப், சுற்றளவு அல்ல. மார்புக்குக் கீழே விலாவை ஒட்டி ஓர் அளவு, மார்பின் முழுமையான இடத்தில் ஓர் அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வோர் இஞ்சுக்கும் ஒரு கப் கூடும்: 1 இஞ்ச் என்றால் ஏ, 2 பி, 3 சி, 4 டி, அப்படியே மேலே. கீழ்ச்சுற்று லூஸாக இருந்தால் பின்பட்டி முதுகில் மேலேறும், பாரம் முழுவதும் தோள் பட்டியில் தொங்கும். உங்கள் தோள் குழிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கீழ்ச்சுற்று சரியாகப் பிடிக்கிற, அகலப் பட்டியுள்ள, உங்கள் கப் அளவுக்கான ஒன்றை ஆன்லைனிலாவது வாங்கி மூன்று வாரம் போட்டுப் பாருங்கள். வலி நன்றாகக் குறைந்தால் இரண்டு செய்தி கிடைக்கிறது: வலிக்குக் காரணம் பாரம்தான், அறுவை இல்லாமலே கொஞ்ச காலம் ஓட்டவும் முடியும். துளியும் குறையாவிட்டால், குனிந்து தைப்பதையும், கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டையும் (டிஸ்க்) சந்தேகப்பட வேண்டும். வலி ஒரு கைக்கு மட்டும் இறங்கினாலோ, கத்தரிக்கோல் பிடிக்கும் கையில் பலம் குறைந்தாலோ முதலில் கழுத்தைப் பரிசோதியுங்கள். தட்டுப் பிரச்சினையை மார்பகக் குறைப்பு தீர்க்காது.

புண்ணுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவுகிறீர்களா? அப்படிக் கிடைக்கும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், நாளடைவில் தோல் மெலிந்து பூஞ்சை இன்னும் பரவும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்து ஈரத்தில் இது ஓயாத தொல்லை. தோல் மருத்துவரிடம் காட்டி ஒரு முறை முழுதாக ஆற்றிவிடுங்கள், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். புண் இருக்கும் தோலில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள்.

"முதலில் மெலிந்துவிட்டு வா" என்று சொல்லி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. மார்பகத்தில் கொழுப்பும் உண்டு, சுரப்பித் திசுவும் உண்டு. எடை குறைந்தால் சிலருக்கு மார்பு சிறுக்கும், சிலருக்கு முகம்தான் ஒட்டும். 2002-ல் அமெரிக்காவில் வெளியான பிரேவோ என்ற ஆய்வில், எடைக் குறைப்பு, உடற்பயிற்சி, சிறப்பு பிரா எதுவும் நிலையான நிவாரணம் தரவில்லை, அறுவை தந்தது. ஆனால் உடல் பருமன் அதிகமாக இருந்தால் புண் ஆறச் சிரமம் என்பது உண்மை. 10 கிலோ குறைக்கும் எண்ணம் இருந்தால் அதை முன்னாலேயே முடித்து, எடை சில மாதம் ஒரே நிலையில் நின்றபின் செய்யுங்கள். பின்னால் குறைத்தால் வடிவம் மறுபடி தொங்கும்.

இனி அறுவை. முழு மயக்கம், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரம். அதிகப்படியான திசுவையும் தோலையும் எடுத்துவிட்டு, காம்பை அதன் ரத்த ஓட்டத்தோடும் நரம்போடும் மேலே நகர்த்தி வைப்பார்கள். பக்கத்துக்கு 300 கிராம் எடுப்பதும் உண்டு, ஒரு கிலோவுக்கு மேல் எடுப்பதும் உண்டு. அரைக் கிலோதானா என்று தோன்றலாம். நாள் முழுவதும் கழுத்துக்கு முன்னால் தொங்கும் அரைக் கிலோ அது. கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுக்கும் லைபோசக்ஷன் முறையில் தழும்பு சிறிது, ஆனால் தொங்கலைத் தூக்காது. உங்களுக்கு அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மிகப் பெரிய மார்பகத்துக்கு வழக்கமாகத் தையல் மூன்று இடத்தில் வரும்: காம்பைச் சுற்றி, அங்கிருந்து நேர் கீழே, அப்புறம் மடிப்பை ஒட்டிக் குறுக்கே. நேர்த்தையலும் குறுக்குத்தையலும் சந்திக்கும் முனையில்தான் புண் ஆறத் தாமதமாகும். பிளவுஸில் மூன்று தையல் கூடும் இடம்தான் முதலில் இழுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த முனை சிறிது பிரிந்து, இரண்டு மூன்று வாரம் கட்டுப்போட வேண்டிவருவது அடிக்கடி நடக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, தானாகவே மூடிக்கொள்ளும்.

தழும்பு ஆறு மாதம் வரை கருத்து, தடித்து இருக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மங்கும், ஆனால் மறையாது. உங்கள் உடம்பு எப்படித் தழும்பு போடும் என்று இப்போதே பார்க்கலாம். இடது தோளில் சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தடம், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் தழும்பு, காது குத்திய இடம் ஆகியவற்றைக் கண்ணாடியில் பாருங்கள். அவை புடைத்து, தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவியிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். கீலாய்டு போடும் உடம்பு என்றால் நானே ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கச் சொல்வேன்.

காம்பின் உணர்ச்சியைப் பற்றிப் பலர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அதனால் நானே சொல்கிறேன். சில மாதம் மரத்திருப்பது சாதாரணம். பெரும்பாலானோருக்குத் திரும்பும், சிலருக்குப் பாதியோடு நிற்கும், சிலருக்கு வரவே வராது. மிக அரிதாக ரத்த ஓட்டம் கெட்டு காம்பின் ஒரு பகுதியோ முழுவதுமோ போய்விடுவதும் உண்டு. புகையிலையும் கட்டுப்படாத சர்க்கரையும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் துல்லியமாக ஒரே மாதிரி வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். இதைக் கணவரிடம் போனில் ஒரு முறை மனம்விட்டுப் பேசுங்கள். அவர் அனுமதிக்காக அல்ல, வீட்டுக்கு வந்த பிறகு அவர் திகைக்கக் கூடாது என்பதற்காக.

உங்களுக்கு இனிப் பிரசவம் இல்லை, அதனால் பாலூட்டல் கேள்வி எழவில்லை. இதைப் படிக்கும் திருமணமாகாத பெண்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அறுவைக்குப் பின் பால் குறையலாம், சிலருக்கு இல்லாமலும் போகலாம். தாங்க முடிகிற வலி என்றால் பிள்ளைப்பேறுக்குப் பின் செய்வதே மேல்.

மாமியின் பயத்துக்கு வருவோம். கத்தி பட்டுப் புற்றுநோய் உண்டாவதில்லை. திசு குறைவதால் புற்றுநோய் வாய்ப்பு ஓரளவு குறைவதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. எடுத்த திசுவைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அனுப்புகிறார்களா என்று நீங்களும் கேளுங்கள். அறுவைக்கு முன் ஸ்கேன் அவசியம். 40 தாண்டியவர்களுக்கும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒரு மார்பு மட்டும் சமீபத்தில் வேகமாகப் பெருத்திருந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, குறைப்புப் பேச்சை நிறுத்திவிட்டு அதை முதலில் பாருங்கள். உள்தழும்பு பிற்காலப் படங்களில் தெரியும் என்பதால், எப்போது மேமோகிராம் எடுத்தாலும் இந்த அறுவையைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும். பின்னால் உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் அவர்தானே.

எங்கே செய்வது? செய்கிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். அழகு நிலையத்தோடு ஒட்டிய கிளினிக் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. தக்கலையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சர்ஜரி ஓ.பி.யிலும் காட்டி வழி கேட்கலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் மார்பக அறுவைகளுக்கென்றே இலவச சேவை தொடங்கினார்கள். ஆனால் முதல் இரண்டு வாரம் கட்டு மாற்றவும், ஏதாவது ஆனால் உடனே ஓடவும் பக்கத்தில் இருப்பதே நல்லது.

தனியார் இன்சூரன்ஸ் இருந்தால், அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற விதியைக் காட்டி மறுக்கலாம். மருத்துவத் தேவை என்று டாக்டர் எழுதித் தந்தால் வழி உண்டு. எலும்பு டாக்டர் சீட்டு, பிசியோதெரபி ரசீது, தோல் புண்ணின் போட்டோ, தோள் குழியின் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த அறுவை அதில் சேருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், புதிய பிராவும் தோல் சிகிச்சையும் மூன்று மாதத்தில் போதிய நிம்மதி தராவிட்டால் செய்துகொள்வதே சரி என்பது என் கருத்து. நாள் குறிப்பதில்தான் கவனம் வேண்டும். இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். ஆறு வாரம் இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா. மூன்று நான்கு வாரத்தில் மெஷினில் கொஞ்சம் கொஞ்சமாக உட்காரலாம். குடம் தூக்குவது, ஈரத்துணி பிழிவது, ஸ்கூட்டர் ஓட்டுவது எல்லாம் டாக்டர் சரி என்ற பிறகுதான், பெரும்பாலும் ஆறு வாரம் ஆகும். முதல் நாட்களில் ஒரு பக்கம் திடீரென்று வீங்கி இறுகினாலோ, காம்பு கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உங்களுக்குக் கிறிஸ்துமஸ் தையல்தான் பெரிய சீசனாக இருக்கும், ஜூனில் பள்ளிச் சீருடை வரும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ செய்தால் மழை ஈரமும் இருக்காது, சீருடைத் துணி வருவதற்குள் தோளும் தேறிவிடும். அதற்குத் தோதாக, ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள்.