டிரெட்மில் வாங்கலாமா, ஜிம்முக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவருக்கு ஷிப்ட் வேலை. பிள்ளைகளுக்கு வயது எட்டு, நான்கு. காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடுகிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கடையில் 35,000 ரூபாய் டிரெட்மில்லை வட்டியில்லாத் தவணையில் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. உங்களிடம் குறைவாக இருப்பது நேரம். டிரெட்மில் நடப்பதற்கு இடம்தான் தரும். இன்று கிடைக்காத அரை மணி, அது வீட்டுக்கு வந்த பிறகும் கிடைக்காது. நேரம் ஒதுக்காமல் வாங்கிய டிரெட்மில்லின் கைப்பிடியில் துணி காய்வதைப் பல வீடுகளில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். முதலில் நேரத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒரு மாதம் அந்த நேரத்தில் நடந்து பாருங்கள். வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

நேரத்தைத் தேடுவது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். முன்பெல்லாம் தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் அது கணக்கில் சேரும் என்றிருந்தது. அந்த நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று துண்டு துண்டாகச் சேர்த்தாலும் பலன் உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதமானது.

உங்கள் நாளைப் பிரித்துப் பாருங்கள். கம்பெனி பஸ் ஏறும் இடத்துக்குக் கணவரின் வண்டியில் போகிறீர்களா? அந்தத் தூரத்தை நடந்தே கடக்கலாம். மூத்த பிள்ளை டியூஷனில் இருக்கும்போது பெற்றோர் பலர் வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அதே தெருவைச் சுற்றி வரலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பது உங்களுக்கு மிக முக்கியம். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை அது மட்டுப்படுத்தும். இளைய பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வேகம் வராது. அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளைக் கணவரோ வீட்டுப் பெரியவரோ பார்த்துக்கொள்ளட்டும். இதைத் தயங்காமல் கேளுங்கள். உங்கள் உடம்பைக் காப்பாற்றுவது குடும்பத்தின் பொறுப்பும்தான்.

வலுவூட்டும் பயிற்சிக்குக் குக்கர் விசில் வரும்வரை சமையலறைச் சுவரே போதும். கைகளைச் சுவரில் ஊன்றிச் சாய்ந்து தள்ளி எழுவது, கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, இரண்டும் நல்ல பயிற்சிகள். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் சில நூறு ரூபாய்க்கு ரப்பர் இழுவைப் பட்டை ஒன்று வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வேலூர்க் கோட்டைக்கு நடக்கப் போய்விடுங்கள். நம் ஊர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கோடையில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துக்கொள்வது நல்லது.

ஒரு மாதம் இப்படி நடந்த பிறகும் டிரெட்மில் வேண்டும் என்று தோன்றினால், மழையும் வெயிலும் காரணம் என்றால், வாங்குவதில் தவறில்லை. அலுவலக ஷூவோடு போகாமல், நடக்கும் ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். கருவியை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் வைத்துச் சில நிமிடம் நடங்கள். கால் பதியும் ஒவ்வொரு முறையும் பெல்ட் தயங்குகிறதா, ஓரத்தில் கால் உரசுகிறதா என்று கவனியுங்கள். விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் மோட்டாரின் உச்சத் திறன். நிற்காமல் ஓடும்போது தரும் தொடர் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். மோட்டாருக்கு இத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பார்கள். பெல்ட்டுக்கும் மின்பலகைக்கும் எத்தனை ஆண்டு, பழுது பார்ப்பவர் வேலூரில் இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதை எழுதி வாங்குங்கள். மாடிக்கு ஏற்றும் கூலியையும், கீழ்வீட்டாருக்குக் கேட்கப்போகும் சத்தத்தையும் யோசியுங்கள்.

நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஓடும் பெல்ட்டின் பின்முனையில் சிறுபிள்ளைகளின் விரல் மாட்டித் தோல் உரிந்துபோகும் விபத்துகள் நடக்கின்றன. எடுத்தால் பெல்ட் நின்றுவிடும் பாதுகாப்புச் சாவி இல்லாத கருவியை வாங்கவே வேண்டாம். நடந்து முடித்ததும் சாவியை எடுத்துப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

‘வட்டியில்லா’ என்பதைக் கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். ரொக்க விலை குறைவாக இருந்தால் அந்த வித்தியாசம்தான் வட்டி. செயல்முறைக் கட்டணத்தையும் அதனோடு கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: சத்துவாச்சாரியில் ஒரு ஜிம்மில் ஆண்டுக் கட்டணம் முழுவதும் கட்டினேன். பெண்களுக்கு மாலை ஏழு முதல் எட்டு மணி என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். இரண்டே மாதத்தில் அதை மதியத்துக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளி ஆசிரியையான நான் மதியம் எப்படிப் போவது? பணத்தைக் கேட்டால், ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். உங்களுக்கு நேரமில்லாமல் நீங்களே நின்றுவிட்டிருந்தால் சட்டம் பெரிதாக உதவாது. இங்கே ஒப்புக்கொண்ட நேரத்தை மாற்றியது அவர்கள். அது சேவைக் குறைபாடு என்று வாதிட உங்களுக்கு நல்ல முகாந்திரம் இருக்கிறது. குறைபாடுள்ள சேவைக்கு, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி ஏதும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

மாலை நேரம் என்று எழுதிய துண்டுப் பிரசுரமோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மீதிப் பத்து மாதத்துக்கான பணத்தைக் கேட்டு, ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்துப் பெற்ற சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

இனி எங்கே சேர்ந்தாலும் மாதக் கட்டணமாகவே கட்டுங்கள். ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி, விடாமல் போகிறவருக்கு மட்டுமே லாபம். பரீட்சைக் காலத்தில் நீங்களே போக மாட்டீர்கள். பில்லையும் பாருங்கள். ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் ஜிஎஸ்டி எண் போடாமல் வரி மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆம்பூரில் தோல் ஷூ மலிவாகக் கிடைக்கிறது. நடைப்பயிற்சிக்கும் அதையே போடலாமா?

பதில்: வேண்டாம். தோல் ஷூ அலுவலகத்துக்கு நன்றாக உழைக்கும், வேகமாக நடக்க ஏற்றதல்ல. மெத்தென்ற அடியுள்ள, காற்றோட்டமான துணி ஷூ வாங்குங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய், இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். ஷூவைக் கையில் எடுத்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் எடுக்காதீர்கள்.