களி கிண்டியவர்கள்

அன்புள்ள ஐயா,

அரையாண்டு விடுமுறையில் எங்கள் சபைக் குழுவோடு நானும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் சத்தியமங்கலம் மலையில் ஓர் இருளர் ஊருக்கு மூன்று நாள் ஊழியத்துக்குப் போய்வந்தோம். மொத்தம் இருபத்திரண்டு பேர். பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும், பெரியவர்களுக்கு மருத்துவ முகாம், வீட்டுக்கு ஒரு கம்பளி. மூன்று நாளும் அவர்களே எங்களுக்குக் களியும் கீரையும் செய்து போட்டார்கள். ஒன்றுமே இல்லாமல் அந்த மக்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து என் பிள்ளைகள் மாறிவிட்டார்கள். சாப்பாட்டில் இப்போது குறை சொல்வதில்லை. பதின்மூன்று வயது மகள் அங்கே ஒரு சிறுமியோடு திரிந்து, யானை லத்தியைப் பார்த்தே அது எப்போது போனது என்று சொல்லப் பழகியிருக்கிறாள். மறுபடி எப்போது போவோம் என்று தினமும் கேட்கிறாள். என் அண்ணனோ இது சுற்றுலா, மதமாற்றம், அந்தப் பணத்தை அனுப்பியிருக்கலாம் என்கிறார். அடுத்த வருடமும் போகலாமா? போனால் என்ன கொண்டுபோவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விடுமுறையில் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போன அப்பாவை எனக்குப் பிடிக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் திட்டப் போகிறேன்.

அண்ணனை விடுங்கள். பணத்தை அனுப்பு என்பவர்கள் பெரும்பாலும் அனுப்புவதில்லை. மதமாற்றச் சண்டைக்குள் நான் இங்கே போகவில்லை. பழங்குடியினர் எந்த மதத்துக்குப் போனாலும் பட்டியலில் அவர்களுக்குள்ள இடம் போவதில்லை என்பதை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒன்று உண்டு: மாத்திரைக்கு நிற்கிற வரிசையில் ஜெபத்தைச் சேர்க்காதீர்கள். காய்ச்சலோடு நிற்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

என்னால் தாண்டிப்போக முடியாதது, அவர்கள் ஒன்றுமே இல்லாமல் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்ற வரி. அதற்கு ஒரு வரி முன்னால்தான் மூன்று நாளும் உங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் இல்லாதவர்களா போட்டார்கள்? களி கிண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? உலை கொதிக்கும்போது ராகி மாவைக் கொட்டி, ஒருவர் பானையை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாவு இறுக இறுகத் தோள் விட்டுப்போகும். நாலு பேருக்குக் கிண்டினாலே அப்படி. இருபத்திரண்டு பேருக்கு எத்தனை பானை, எத்தனை பெண்கள், எத்தனை குடம் தண்ணீர்? அந்தத் தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது?

மார்கழி அங்கே ராகி அறுப்புக் காலம். யானையும் பன்றியும் ராகிக் கொல்லைக்குள் இறங்கிவிடாமல் ஆண்கள் ராத்திரி முழுக்கப் பரணில் காவல் இருப்பார்கள். விடிய விடியக் கண் விழித்தவர்கள் பகலில் உங்கள் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அறுப்புக்குப் போகவேண்டிய பெண்கள் உங்களுக்காக அடுப்படியில் நின்றிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை நான் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் போதகர் பெயர் இருக்கிறது, டாக்டர் பெயர் இருக்கிறது, வேன் ஓட்டியவர் பெயர்கூட இருக்கிறது. களி கிண்டியவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

அவர்களிடம் இல்லாதவையும் தானாக இல்லாமல் போகவில்லை. 1882 மெட்ராஸ் வனச் சட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய காடு அரசின் காப்புக்காடாயிற்று, மாற்றி மாற்றி விதைத்து வந்த நிலத்தில் கால் வைப்பது குற்றமாயிற்று. 2008-ல் சரணாலயம், 2013-ல் புலிகள் காப்பகம். 2006 வன உரிமைச் சட்டம் நிலத்துக்கும், தேன், கடுக்காய், சீமாறு எடுப்பதற்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பட்டா பல வருடம் நீதிமன்றத் தடையில் கிடந்தது. வீரப்பன் தேடுதலில் அதிரடிப்படையிடம் அடிபட்டவர்களும் இந்த மலைக்காரர்கள்தான். தேசிய மனித உரிமை ஆணையத்தின் சதாசிவா குழு விசாரித்த பிறகு 2007-ல் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டிலுமாக 89 பேருக்கு இழப்பீடு கிடைத்தது. வண்டிச் சத்தம் கேட்டாலே பயந்த அந்தத் தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்படிப்பட்ட மலையில் உங்கள் வேனைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றால், அது வந்தவரை வா என்று சொல்கிற மரியாதை. அதைக் காட்டி, இவர்களுக்குக் குறையே இல்லை பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பட்டா இல்லாதது குறைதான். ராத்திரியில் பிரசவ வலி வந்தால் வண்டி இல்லாததும் குறைதான். உங்கள் பிள்ளைகள் கீரையை மீதி வைக்காமல் சாப்பிடுவதற்காக இன்னொருவர் வறுமையில் இருக்க வேண்டியதில்லை.

இது ஏன் எனக்கு இப்படிச் சுடுகிறது என்றால், நான் திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் தேரிக்காட்டுக்காரன். என் பாட்டியின் அப்பா பனையேறி. எங்களையும் இப்படி எழுதியிருக்கிறார்கள். அங்கே இடையன்குடியிலேயே தங்கி வாழ்ந்த மிஷனெரி கால்டுவெல், 1849-ல் பனையேறி மக்களைப் பற்றி எழுதிய நூலில் எங்களை நாகரிகம் தெரியாத கூட்டமாகக் காட்டினார். படித்த தலைமுறை ஒன்று வந்து கொதித்தபிறகுதான் அந்த நூல் விலக்கிக்கொள்ளப்பட்டது. கால்டுவெல் அன்பில்லாதவர் அல்ல. எங்கள் பக்கத்துக்கு அவர் செய்ததை யாரும் மறக்கவில்லை. அன்புள்ளவர்களும் இப்படி எழுதிவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

அந்தப் பனையேறி வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருந்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் பாட்டி மீதியைக் களைவாள். அரை வயிற்றுக்குச் சோறு உள்ள நாளிலும் அந்தப் பிடி குறையாது. கலயத்தின் வாய் அவள் கை பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும், அங்கிருந்து மிஷன் காணிக்கையில் சேரும். 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் இந்த மாதிரி வீடுகளின் காசில்தான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் வரைக்கும் ஆள் அனுப்பியது. பாட்டியை ஒன்றும் இல்லாதவள் என்று எந்த வாயால் சொல்வது?

அந்தச் சங்கம் உருவாகக் காரணமாயிருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளைக்காரர். 1909-ல் அவரே தோர்ணக்கல் போனார், தெலுங்கு கற்றுக்கொண்டு அந்த மக்களோடேயே இருந்தார். உங்கள் கடிதம் வந்தபோது அவருடைய 1910 எடின்பரோ பேச்சைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உலகம் முழுவதிலிருந்தும் மிஷனெரிகள் கூடிய மாநாடு அது. அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்: ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அன்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். இன்று அந்த நாற்காலிகளில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், எஸ். கம்பளியை நாம்தான் கொடுக்கிறோம், போட்டோவில் நாம்தான் நடுவில் நிற்கிறோம்.

முகாமில் முகம் வெளுத்த பெண்களுக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த மலைகளில் இருளரிடையே சிக்கிள் செல் ரத்தசோகை உண்டு. அது பரம்பரையாக வருவது, இரும்புச்சத்து மாத்திரையால் தீராதது. ரத்தம் சோதிக்காமல் இன்ன சோகை என்று யாரும் சொல்ல முடியாது, டாக்டராகவே இருந்தாலும். 1993-ல் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிக்குப் போன ரெஜி, லலிதா என்ற இரண்டு மருத்துவர்கள் ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்து, அந்த ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகப் பழக்கினார்கள். பிறக்கிற குழந்தைகள் சாவது அங்கே அதனால்தான் அவ்வளவு குறைந்தது.

சரி, அடுத்த வருடம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் யானை லத்திதான். உங்கள் மகள் அந்த ஊரில் ஒருத்தியிடம் பாடம் கேட்டிருக்கிறாள். திரும்பிப் போகத் துடிப்பதும் அந்தச் சிநேகிதிக்காகத்தான். அவளை அணைத்து என் அன்பைச் சொல்லுங்கள். போங்கள், ஆனால் கூட்டமாக வேண்டாம், நீங்கள் நாலு பேர் மட்டும். தேதியை ஊர் மூப்பரிடம் போனில் கேளுங்கள், அறுப்பு முடிந்து வா என்றால் அப்போது போங்கள். அரிசி பருப்பு உங்களுடையதாக இருக்கட்டும். சமைக்கிற பெண்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள், வேண்டாம் என்றாலும் கொடுங்கள். கம்பளி தேவையா என்பதை அவர்கள் சொல்லட்டும். பட்டா மனுவுக்கோ சாதிச் சான்றிதழுக்கோ தாலுகா அலுவலகத்தில் கூட நிற்க ஆள் வேண்டும் என்றால் லீவு போட்டுவிட்டு நீங்கள் போய் நில்லுங்கள். இந்த வருடம் வரவேண்டாம் என்று மூப்பர் சொன்னால் போகாதீர்கள், ஏன் போகவில்லை என்பதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.