மேசன் வேலை: கேட்டவர்களுக்கு என் பதில்

கிளிநொச்சிப் பக்கம் 19 வருடமாக மேசன் வேலை செய்கிறேன். கடைசி எட்டு வருடம் சொந்தக் கொந்தராத்து. தொழிலில் எப்படி நிலைத்து நிற்பது என்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தர்மபுரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணை, பூச்சுக்குச் சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒன்றுக்கு எட்டாகக் கலக்கச் சொல்கிறார் எங்கட பாஸ். மறுத்தால் வேலை போய்விடும்.

தம்பி, போகத்தான் போகும். எனக்கும் போனது. 2013, வீட்டுத்திட்ட வேலைகள் மும்முரமாக நடந்த நேரம். போருக்குப் பிறகு இந்திய அரசு உதவிய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா, அதுவும் வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாகத்தான் வரும். அந்தக் காசில் கட்டுகிற சுவரில் சீமெந்தைக் களவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கலவை அள்ளுகிற தாச்சியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் வயலில் கூலிக்கு நின்றேன். வீட்டில் சண்டையும் வந்தது. பிறகு என்னைத் தேடி வந்தது அந்த வீட்டுக்காரர் இல்லை, அங்கே மணல் கொண்டுவந்து பறித்த உழவு இயந்திரக்காரர். நான் தாச்சி கழுவியதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். தன் வீட்டுக்கு அத்திவாரம் போடக் கூப்பிட்டார். அவர் மணல் பறித்த வளவுகளுக்கெல்லாம் என் பேரும் போய்ச் சேர்ந்தது. உமக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று நான் வாக்குத் தர முடியாது. இரண்டு மாதச் சாப்பாட்டுக்கு வழி பார்த்துக்கொண்டு விலகும்.

விசுவமடுத் தம்பி: விடிய ஆறு மணிக்கே வந்து நிற்கிறேன். மூன்று வருடமாகியும் கையாள்தான்.

நேரத்துக்கு வருவது நல்ல பழக்கம், ஆனால் அது மட்டும் காணாது. மேசன் கரண்டியைக் கேட்டு வாங்க வேண்டும். குழைத்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகி இறுகத் தொடங்கிய கலவை மிஞ்சும் அல்லவா? அதில் தண்ணி விட்டு ஊரார் சுவரில் அப்பக் கூடாது, பழகுவதற்கு அது போதும். மத்தியானம் மற்றவர்கள் படுக்கிற நேரம் ஒரு முழம் சுவர் கட்டித் தூக்குக்குண்டு பிடித்துப் பாரும். சரிந்தால் பிரித்துத் திரும்பக் கட்டும். அப்புறம், பூச்சுக்குத் தண்ணி அடிக்கிற வேலையை நீரே பொறுப்பெடும். கச்சான் காற்றுக் காலத்தில் சுவர் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஏழு நாள், காலையும் மாலையும். ஞாயிறு என்று விட்டால் மயிர்போல வெடிப்பு ஓடும்.

மாங்குளத்திலிருந்து ஒரு தங்கச்சி: அனுபவம் இருக்கிறது, சான்றிதழ் இல்லை.

படித்துத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை தங்கச்சி. முன் அனுபவத்தை மதிப்பிட்டு, அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருவார்கள். செய்த வேலைகளின் படங்களைச் சேர்த்து வையும். உமது கை படாத வேலையின் படம் ஒன்றும் அதற்குள் வரக் கூடாது.

முள்ளியவளைத் தம்பி: தனியாகக் கொந்தராத்து எடுக்கப் போகிறேன். சாமான் விலை ஏறினால்?

2022இல் சீமெந்து விலை ஏறி ஏறிப் போனபோது, மொத்தத் தொகை பேசிய பலர் வீட்டை அரைகுறையில் விட்டுவிட்டு ஓடினார்கள். நீர் கூலியை மட்டும் பேசும். சாமானை வீட்டுக்காரரே தன் பேரில் பில் போட்டு வாங்கட்டும். சில கடைகளில் பில்லைக் கொஞ்சம் கூட்டி எழுதட்டா என்று உம்மைத் தனியாகக் கேட்பார்கள். வேண்டாம் என்பதை வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லும்.