சின்ன வள்ளம், இரண்டு கடல்: பாம்பன் கரையிலிருந்து கேள்வி பதில்

பாம்பன் கரையில் ஃபைபர் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறேன். புதிதாகப் படகு வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் காற்று, கடல் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இவை முப்பது அடிக்குள் இருக்கும், பின்னால் எஞ்சின் மாட்டிய வள்ளங்களுக்கான பதில்கள். விசைப்படகுக்குக் கணக்கு வேறு. எங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். பதில்களிலும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணே, தொண்டிப் பக்கம் ஒரு பழைய ஃபைபர் வள்ளம் விலைக்கு வருகிறது. பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி வைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பெயின்டைப் பார்க்காதீர்கள் தம்பி, பின்பலகையைப் பாருங்கள். எஞ்சின் மாட்டும் அந்தப் பலகைக்குள் மரம் இருக்கும், அதைச் சுற்றித்தான் ஃபைபர் போட்டிருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சினை மாட்டச் சொல்லி, அதன் அடிக்காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால், போல்ட்டைச் சுற்றி மெல்லிய விரிசல் ஓடினால், விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம்.

அப்புறம் ஒரு நாணயத்தை எடுத்து அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்'கென்று இறுகிய சத்தம் வரும். அடுக்கு விட்டுப்போன இடத்தில் மந்தமாக, பொத்தென்று கேட்கும். அணியத்துக்கு, அதாவது வள்ளத்தின் முன்முனைக்குக் கீழே, கரையில் இழுக்கும்போது மணலில் உரசும் இடத்தை ரொம்பக் கவனியுங்கள். கடைசியாக, மிதப்புக்காக உள்ளே வைத்த ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் வள்ளம் கனத்துப்போயிருக்கும். அதே அளவுள்ள வேறு வள்ளத்தை எத்தனை பேர் தள்ளுகிறார்கள், இதை எத்தனை பேர் தள்ளுகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

வானிலை அறிவிப்பில் 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்' என்கிறார்கள். கரையில் வந்து பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடக்கிறது. நாள் கூலி போகிறதே என்று மனசு அடித்துக்கொள்கிறது. போகலாமா?

போகக்கூடாது. ஏன் என்று புரிந்துகொண்டால்தான் அடுத்த முறை மனசு அடித்துக்கொள்ளாது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறிவிப்பு சொல்வது ஒரு பெரிய பரப்புக்கு. 'மன்னார் வளைகுடா, குமரிக்கடல், அதை ஒட்டிய பகுதிகள்' என்றால் அதில் உங்கள் ஊர்க்கரை ஒரு ஓரம். அந்த ஓரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் கரையில் கடல் அமைதியாகவோ கொந்தளிப்பாகவோ தெரியும். ஆனி, ஆடியில் கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தென்கடல் கரையில் அலை எழும்பும். வடகடல் கரையில் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் கரையோரம் தண்ணீர் படிந்து கிடக்கும். அந்த அமைதியை நம்பி இறங்கினால், காற்று முதுகில் தள்ளித் தள்ளி, எஞ்சின் பாதி வேகத்திலேயே வள்ளம் ஓடும். சந்தோஷமாக இருக்கும். நிலத்தின் மறைவைத் தாண்டிய பிறகுதான் அலை ஒன்றன் பின் ஒன்றாக எழும்பும். திரும்பும்போது அத்தனையும் எதிர்க்காற்று. அணியம் ஒவ்வொரு அலையிலும் குத்தி, தண்ணீர் உள்ளே விழுந்து, போக ஒரு கேன் எரிந்த இடத்தில் வர இரண்டு கேன் எரியும். கரைக்காற்றில் போகிறவர்களுக்குப் பெட்ரோல் தீர்வது திரும்பி வரும் வழியில்தான்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை பிடித்தால் இது தலைகீழ். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். எங்கள் பக்கம் பருவத்துக்குத் தகுந்த மாதிரி படகுகளை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாற்றிக் கட்டுவது இதனால்தான்.

நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: கண்ணும் அறிவிப்பும் வேறு வேறு சொன்னால், எது மோசமாகச் சொல்கிறதோ அதை நம்புவேன். வானம் தெளிவாக இருந்து அறிவிப்பு மோசமென்றாலும் போகமாட்டேன். அறிவிப்பில் ஒன்றுமில்லாமல் வானம் சரியில்லை என்றாலும் போகமாட்டேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி குமரிக்குப் பக்கத்தில் ஒரே நாளில் வலுத்துப் புயலானது. குமரி மீனவர்கள் பலர் அதற்குச் சில நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள், எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எட்டவில்லை. கரையில் நின்று அறிவிப்பைக் கேட்க முடிகிற நாம் அதைக் கேட்ட பிறகும் போவது எந்தக் கணக்கிலும் சேராது.

போனில் காற்றை 'நாட்' கணக்கில் காட்டுகிறது. எத்தனை நாட் வரை வள்ளத்துக்குத் தாங்கும்?

ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ. 10 நாட் சுமார் 18 கி.மீ., 15 நாட் சுமார் 28 கி.மீ. பத்துக்குமேல் போனாலே அலைத் தலையில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பிக்கும். கடல் முழுக்க வெள்ளை தெரிந்தால் 15-ஐ ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம். வடகடலில் என் வள்ளத்துக்கு அதுதான் எல்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சராசரிக் காற்றுக்குப் பக்கத்தில் 'கஸ்ட்' என்று, இடையிடையே பலமாக வீசும் காற்றின் வேகம் இன்னொரு எண்ணாக இருக்கும். முடிவு எடுக்க வேண்டியது அந்த எண்ணை வைத்து.

'அலை உயரம் 2.5 மீட்டர்' என்று இன்காய்ஸ் போடுகிறது. அதற்குமேல் அலை வராதா?

வரும். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் சொல்லும் உயரம், வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை எழும்பலாம். இன்னொன்று, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி என்று பாருங்கள். வடகடல் ஆழம் குறைந்தது, அங்கே அலைகள் குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். வள்ளம் ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது அணியத்தில் விழும். தென்கடலில் நீண்டு வரும் இரண்டு மீட்டர் அலையைவிட வடகடலில் நெருங்கி வரும் ஒரு மீட்டர் அலை சின்ன வள்ளத்தை அதிகம் படுத்தும்.

காற்றே இல்லை, மழை இல்லை, ஆனால் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை கொடுக்கிறார்கள். இது என்ன?

தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடிக்கும் புயல்கள் கிளப்பிவிடும் அலை சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வருகிறது. இங்கே காற்று இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குமரிக் கரையும் கேரளக் கரையும் இதில் அதிகம் அடிபடும். நடுக்கடலில் இருக்கும் வள்ளத்துக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மெதுவாகத் தூக்கி இறக்கும். ஆபத்து கரையில்தான். நீண்டு வரும் அலை ஆழம் குறைந்த இடத்தில் எழும்பி அடிக்கும், வள்ளத்தை இறக்கும்போதும் ஏற்றும்போதும் புரட்டிவிடும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனது இப்படியான எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். அந்த அறிவிப்பு வந்தால் படகை மேலே ஏற்றிக் கட்டுங்கள், பிள்ளைகளைக் கரையில் விளையாட விடாதீர்கள்.

அண்ணா, என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே எனக்குப் பயம். அவரோ 'ஒன்றுதானே' என்கிறார். எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

தங்கச்சி, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கூண்டு எண் துறைமுகத்துக்காகச் சொல்வது. ஒன்றும் இரண்டும் தூர எச்சரிக்கை: கடலில் எங்கோ தாழ்வு மண்டலம் அல்லது புயல் இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. ஆனால் அவர் போவது துறைமுகத்துக்கு வெளியே. அவருக்கு ஒன்று என்பதே போதுமான செய்தி. மூன்றும் நான்கும் வந்தால் நம் துறைமுகத்துக்கே மோசமான காற்று வரப்போகிறது.

ஐந்துக்கு மேல்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 5, 6, 7 மூன்றும் ஆபத்துக் குறிதான், வேறுபாடு புயல் போகும் பாதையில் இருக்கிறது. 5 என்றால் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் புயல் போகும், 6 என்றால் வலப்பக்கம் விட்டு, 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ ஒட்டியோ. 8, 9, 10 இதே வரிசை, தீவிரப் புயலுக்கு. 11 வந்தால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. வங்கக்கடலிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. அந்தப் பக்கம்தான் காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்துத் தண்ணீரை ஊருக்குள் தள்ளும். அதனால் 6-ஐப் பார்த்து '7 இல்லையே' என்று யாரும் ஆறுதல் அடையக்கூடாது.

பாம்பனிலேயே கடல் ஓசை சமுதாய வானொலி 90.4-ல் இருக்கிறது. வீட்டில் போட்டு வையுங்கள்.

புயல் வருகிறது என்று உறுதியானதும் வள்ளத்தை என்ன செய்வது? கஜாவில் எங்கள் ஊரில் படகு மேல் படகு ஏறிக் கிடந்தது.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா வேதாரண்யம் பக்கம் கடந்தபோது அடிபட்டவற்றில் பல நெருக்கிக் கட்டிய படகுகள். ஒன்று கயிறு அறுத்தால் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து உடைக்கும். சின்ன வள்ளத்துக்கு ஒரு வசதி உண்டு, அதைக் கரையேற்ற முடியும். தண்ணீர் ஏறும் மட்டத்தைத் தாண்டி, முடிந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்கோ மாடிக்கோ. வலை, கேன், பலகை எல்லாம் வெளியே. கரையில் வைத்த பிறகு உள்ளே தண்ணீர் நிரப்பிவிட்டால் காற்று தூக்காது. அணியத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகக் கட்டுங்கள், தென்னையில் கட்டாதீர்கள், கஜாவில் முதலில் சாய்ந்தது தென்னைதான். இதையெல்லாம் முந்தின நாள் பகலிலேயே முடித்துவிட வேண்டும். காற்று பிடித்த பிறகு கயிற்றைப் பார்க்கப் போகிறேன் என்று யாரும் கிளம்பக்கூடாது. வள்ளத்தை மறுபடி வாங்கலாம்.

திடீரென்று இடிமேகம் வந்து மாட்டிக்கொண்டால்?

காற்று சட்டென்று அடங்கி, கறுத்த மேகத்துக்குக் கீழே தண்ணீர் நிறம் மாறி, குளிர்ந்த காற்று ஒரு வீச்சு முகத்தில் பட்டால் உங்களுக்குச் சில நிமிடம்தான் இருக்கிறது. கரை பக்கமென்றால் ஓடுங்கள். தூரமென்றால் ஓடாதீர்கள், அலையைப் பக்கவாட்டில் வாங்கிக் கவிழ்வது அப்படித்தான். அணியத்தைக் காற்றுக்கு நேரே வைத்து நங்கூரம் போடுங்கள். கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது விட வேண்டும், குறைத்துவிட்டால் நங்கூரம் இழுத்துக்கொண்டு வரும். ஆழத்தில் நங்கூரம் எட்டாவிட்டால் வலையையே அணியத்தில் கட்டி நீளமாக விடுங்கள், வள்ளம் முகம் திரும்பாமல் நிற்கும். ஆட்கள் நடுவில், கீழே உட்காரணும். ஏரியல் கம்பி, கொடிக்கம்பு இருந்தால் இறக்கிவிடுங்கள்.

வடகடலில் எஞ்சின் நின்றுபோய் நீவாடு (கடல் நீரோட்டம்) இலங்கை எல்லைப் பக்கம் இழுத்தால்?

முதல் வேலை நங்கூரம். எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பது அதற்குப் பிறகு. வடகடல் ஆழம் குறைவு என்பது இங்கே நமக்குச் சாதகம், கயிறு எட்டும். பலர் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வள்ளம் நகர்ந்துவிடும். அடுத்தது ஜிபிஎஸ் இடத்தையும் நேரத்தையும் குறித்து, சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. விஎச்எஃப் வயர்லெஸ் வைத்திருந்தால் 16-ஆம் சானல். இந்த எண்களை வள்ளத்துக்குள்ளேயே பெயின்டில் எழுதி வையுங்கள், போன் நனைந்தால் அதிலுள்ள எண்ணும் போய்விடும்.

எஞ்சின் நிற்காமல் இருக்கவும் ஒரு வார்த்தை: கரைக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள். உள்ளே உப்பு படிந்து குளிர்நீர்ப் பாதை அடைத்துக்கொள்வதால் சூடேறி நிற்கும் எஞ்சின்கள் ஏராளம். ஓடும்போது பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

பாம்பனில் கடல் உள்வாங்கிப் படகெல்லாம் தரைதட்டி நிற்கும் படம் வந்தால் சுனாமி என்று பயமாக இருக்கிறது.

எங்கள் கடல் கரையோரம் மிகவும் ஆழம் குறைவு. காற்று தொடர்ந்து ஒரே பக்கம் தள்ளினாலும், அமாவாசை பௌர்ணமி வற்றத்திலும் ஓரடி குறைந்தால் போதும், வெகுதூரம் தரை தெரியும். இது அடிக்கடி நடப்பது. நிலநடுக்கத்தோடு இன்காய்ஸ் சுனாமி எச்சரிக்கை வந்தால் படகைத் திரும்பிப் பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். குடும்பத்தோடு தீவுகளுக்குப் போக ஒரு சின்னப் படகு வாங்கலாமா?

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் உள்ள தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. படகு வாங்கும் முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கினாலும் முதல் ஒரு வருடம் உள்ளூர் ஆள் ஒருவர் இல்லாமல் கிளம்பாதீர்கள். கச்சான், வாடை இரண்டையும் ஒருமுறை கரையில் நின்று பார்த்த பிறகு குடும்பத்தை ஏற்றலாம்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் வலை இழுக்க முடியவில்லை. நீச்சல் தெரிந்தவனுக்கு எதற்கு?

மரத்துக்கட்டை மாதிரி இருக்கும் பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டில் வலை இழுப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். தோள்பட்டை திறந்த, மெலிந்த வேலை ஜாக்கெட்டுகள் இப்போது கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். நீச்சல் தெரிந்தவர் தவறி விழுவது பெரும்பாலும் தனியாக, இருட்டில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது. வள்ளம் அவரை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும், எந்த நீச்சலும் அதைப் பிடிக்காது. தனியாகப் போகிறவர்கள் எஞ்சினின் சிவப்புக் கயிற்றையும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். விழுந்தால் எஞ்சின் அணைந்துவிடும். வள்ளம் பக்கத்திலேயே நிற்கும். வாங்கும்போதே அந்தக் கயிறு இருக்கிறதா, இழுத்தால் உண்மையிலேயே அணைகிறதா என்று சோதித்துவிடுங்கள். பழைய எஞ்சின்களில் முதலில் காணாமல் போவது அதுதான்.