ரீயூனியன் தீவைக் காரில் சுற்ற: கேள்வி பதில்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான எரிமலைத் தீவு ரீயூனியன். மூன்று முறை சுற்றியவன் என்பதால் கேள்விகள் எனக்கு வந்திருக்கின்றன.

கடலோரமாக முழுச் சுற்று எவ்வளவு தூரம்? ஒரே நாளில் முடியுமா அண்ணா?

ஏறக்குறைய 210 கிலோமீட்டர். முடியும் தம்பி, ஆனால் தீவைப் பார்த்தது டயர் மட்டும்தான் என்றாகிவிடும். இரண்டு நாள் வையுங்கள். இரவுக்குத் தெற்கே சென்-பியேர்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

வடக்கே சென்-தெனியில் கிளம்பிக் கிழக்கே போங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டுவார்கள்; அதனால் கடல் எதிர்த்தடத்துக்கு அப்பால்தான் தெரியும். பரவாயில்லை, மறுநாள் மாலை மேற்கே சென்-லூவில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம்.

எரிமலைக் குழம்பின் மேலேயே சாலை போகிறதாமே, உண்மையா சார்?

உண்மைதான். என்னைக் கேட்டால் இந்தச் சுற்றே அந்தச் சில கிலோமீட்டருக்காகத்தான். தென்கிழக்கில் கிரான் ப்ரூலே என்ற சரிவு. 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை பொங்கினால் குழம்பு அந்த வழியாகக் கடலுக்கு இறங்கும், சில தடவை சாலையை அறுத்துவிடும். ஆறிய பாறைமேல் மறுபடி சாலை போடுவார்கள். எந்தப் பாறை எந்த ஆண்டில் வந்தது என்று ஓரத்தில் பலகை இருக்கும். 2007இல் வந்தது பெரியது. அப்போது உச்சிப் பள்ளமே 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. புதுப்பாறை கறுப்பு. பழையதில் சாம்பல் நிறப் படர்வு, அதற்கும் பழையதில் பெரணி, பிறகு மரம். வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். இந்தச் சரிவுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே, சென்ட்-ரோஸ் பக்கம் ஒரு தேவாலயம். 1977இல் குழம்பு வாசல்வரை வந்து நின்றது.

அப்படியே உச்சிக்கும் ஏறிவிடலாமா?

கடலோரத்திலிருந்து கார் வழி இல்லை. தீவின் நடுவே போகும் மலைச்சாலையில் தனியாக ஒரு நாள், விடியலில். நேரம் ஆக ஆக மேகம் மூடிவிடும்.

கடல் குளியல்?

சுறா பயம் உண்டு. மேற்கே பவளத்திட்டுக்கு உட்பட்ட எர்மித்தாழ் போன்ற இடங்களில் மட்டும்.

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதுமா?

போதாது. பிரான்ஸ் மண்தான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே.

தமிழ் பேசினால் புரியுமா?

19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் வழிவந்தோர் நிறைய. சென்-ஆந்த்ரேயில் கோபுரம் வைத்த கோயில்களே உண்டு. அந்தத் தெம்பில் தமிழில் வழி கேட்டேன். பதில் பிரெஞ்சில் வந்தது.