ஃபூஜியன் போனால் எங்கே நேரம் செலவிடலாம்?

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் எதைப் பார்ப்பது, எப்போது போவது என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் சியாமென் நகரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். படகில் ஏறி குலாங்யூ தீவுக்குப் போங்கள், கார்களே ஓடாத இடம், அழகுதான். ஆனால் தமிழர் தவறவிடக்கூடாத ஊர் சுவான்சோ. சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சீக்கிரமே போய்விடலாம்.

அங்கே கையுவான் என்ற பௌத்தக் கோயிலின் பிரதான மண்டபத்துக்குப் பின்பக்கம் அவசியம் போய்ப் பாருங்கள். அங்குள்ள இரண்டு கல்தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இடிந்துபோன ஒரு இந்துக் கோயிலின் தூண்கள் அவை. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இந்த ஊரில் கிடைத்தது. நம் வணிகர்கள் அவ்வளவு தூரம் போய் சிவனுக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். கடல்வழி வணிக அருங்காட்சியகத்தில் இன்னும் பல சிற்பங்கள் உள்ளன. நிதானமாகப் பாருங்கள், ஒருநாள் முழுதும் ஒதுக்கலாம்.

அப்புறம் மலைப்பக்கம். யோங்டிங், நான்ஜிங் பகுதிகளில் துலோ எனப்படும் மண்கோட்டை வீடுகள் இருக்கின்றன. 1709இல் கட்டி முடித்த செங்சி லோ என்ற துலோவில் நான்கு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. ஒரே குலத்தின் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த வீடு இது. தேநீர்ப் பிரியர் என்றால் வடக்கே வூயி மலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். அக்டோபர், நவம்பரில் போவதே நல்லது.